பெட்டிக்குள் இருப்பது ஒயர் வைத்ததா, இல்லாததா?

தம்பி,

பெட்டியைத் திறந்ததும் முதலில் இந்தக் காகிதம்தான் உன் கையில் படும். அதற்காகவே மடித்து மேலே வைத்திருக்கிறேன். கீழே இருப்பதை இப்போது எடுக்காதே. உன்னை எனக்குத் தெரியாதா? பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்பே விரலால் வழித்து நக்கினவன் நீ. இந்த ஒரு தடவையாவது அம்மா சொல்கிறபடி கேள். உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அப்புறம் பெட்டிக்குள் கையை விடு. ஒயர் வைத்த ஹெட்செட்டா, ஒயர் இல்லாததா என்று நீ என்னிடம் விட்ட கேள்விக்குப் பதில் அடியில் இருக்கிறது. அந்தப் பதிலுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லாமல் அதைத் தூக்கிக் கொடுத்தால் எனக்குச் சோறு இறங்காது.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோதுதான் இது ஆரம்பித்தது. "கல்யாண மாப்பிள்ள, கழுத்துக்கு ஒரு சங்கிலி போடட்டுமாடா?" என்று கேட்டேன். நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே, "சங்கிலியெல்லாம் வேணாம்மா. கேம் விளையாட ஒரு ஹெட்செட் வாங்கிக் குடுங்க. ஒயர் வச்சதா, இல்லாததான்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றாய். சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கழுவப் போய்விட்டாய். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா மோவாயில் கையை வைத்துக்கொண்டார். "மாப்பிள்ளைக்குச் செயின் போட்டுப் பாத்துருக்கேன், மோதிரம் போட்டுப் பாத்துருக்கேன். காதுல மாட்டுற மிஷின் போட்டு இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன் லா!" என்றார். அவர் சிரித்தார், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அடுப்பில் இருந்த பலகாரம் கருகுகிற வாசனை வருகிற வரைக்கும் நான் கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தேன். ஏழு வருடத்துக்கு முன்னால் உன் ஹெட்செட்டை உடைத்தவள் நான். அந்தப் பேச்சை நீயும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. இப்போது நீயாக வந்து ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள், நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறாய். என்னை மன்னித்துவிட்டாயா, இல்லை இவளுக்கு நினைவு இருக்கிறதா என்று பார்க்கிறாயா? இந்தக் கேள்விதான் ஆறு வாரமாக என்னைப் போட்டுக் குடைந்தது.

நம் லயத்துப் பழக்கம் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். ஆனால் நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற திவ்யாவும் இந்தக் கடிதத்தைப் படிப்பாள். ஈப்போ டவுனில் வளர்ந்த பிள்ளை, அவளுக்காக எழுதுகிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம் ஒரே ஒரு இடி எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஆறு வீட்டு டிவியைப் புகைய வைத்துவிட்டது. அப்போதிருந்து ஓர் ஏற்பாடு. மலைக்கு அந்தப் பக்கம் முதல் உறுமல் கேட்டதும், அந்த நேரத்தில் லயத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வீடு வீடாக ஓடி டிவி, ஐஸ்பெட்டி, வைஃபை பெட்டி என்று எல்லாவற்றின் ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும். வீட்டுக்காரர்கள் தேயிலை மலையில் வேலையில் இருப்பார்கள். இதற்காகவே பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. இதற்கு 'இடி டூட்டி' என்று பெயர். காய்ச்சலில் படுத்திருப்பவர்கூட போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து ஓடுவார். மழைக்காலத்தில் கொழுந்து வெட்டும் மிஷினைப் பிடித்துக்கொண்டு மலையில் நிற்கும்போது கீழே இடி உருண்டால் எங்களுக்குப் பயமே இருக்காது, யாராவது நம் வீட்டுக்குள் போயிருப்பார்கள் என்று தெரியும். ஆனால் இந்தப் பழக்கம் கைக்குள் ஏறிவிடும் திவ்யா. இடி கேட்டால் மூளைக்கு முன்னால் கை போய்விடும். கல்யாண வீடானாலும் சரி, கோயிலானாலும் சரி, எங்கள் ஆட்கள் முதலில் சுவரில் பிளக்கு எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

அன்றைக்கு எங்கள் மிஷினில் என்ஜின் படுத்துவிட்டது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எங்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் வந்து செருப்பைக் கழற்றும்போது நீ கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாய். கியா பார்ம் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் பள்ளி விடுமுறை முழுவதும் குனிந்து குனிந்து வேலை பார்த்து நீயே வாங்கிய ஹெட்செட் உன் தலையில் இருந்தது. "தம்பி, சாப்பிட்டியா?" என்றேன். பதில் இல்லை. இரண்டாம் தடவை கேட்டேன். "ம்" என்றாய். அதற்கு அடுத்த நொடியே மைக்கில் யாரிடமோ கலகலவென்று பேசிச் சிரித்தாய். முகம் தெரியாத யாரோ ஒருத்தனுக்கு அத்தனை பேச்சு, விடிந்ததிலிருந்து வயிற்றில் சுமக்காத குறையாக மிஷினைச் சுமந்துவிட்டு வந்தவளுக்கு ஒரு 'ம்'. அந்த நேரம் பார்த்து இடி உறுமியது. நான் டிவி ஒயரைப் பிடுங்கினேன், வைஃபை பெட்டியைப் பிடுங்கினேன், கம்ப்யூட்டர் பிளக்கையும் பிடுங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அம்மா!" என்று நீ திரும்பியபோது, உன் ஹெட்செட் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. கம்ப்யூட்டருக்குள்ளேயே அதன் செருகு முனை ஒடிந்து நின்றுவிட்டது. நீ கத்தவில்லை. தலையிலிருந்து அதைக் கழற்றி மேசையில் மெதுவாக வைத்தாய். "நல்லவேள, டிவி தப்பிச்சுது" என்றேன் நான். "பரவால்லமா" என்றாய் நீ. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களம் பக்கம் நடந்து போய்விட்டாய். வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. செல்லம்மா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

அது சும்மா விளையாட்டு இல்லை, பகாங் மாநிலத்துக்கான கடைசி ஆட்டம் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. உன் அணியில் இருந்த, மலைக்குக் கீழே ரிங்லெட் ஊர்ப் பையன் ஒருத்தன் உன்னைத் தேடி வந்தான். நீ இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்: "ஆன்ட்டி, எங்க டீமுக்கு இவன்தான் காது. எதிராளி எந்தப் பக்கம் நடந்து வர்றான்னு இவன் கேட்டுச் சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும். இவன் போன பெறகு நாங்க குருட்டுக் கோழி மாதிரி நின்னோம். ஜெயிச்சிருந்தா கேஎல்ல நடக்குற பெரிய போட்டிக்குப் போயிருப்போம்." அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. லைன் போய்விட்டது என்றுதான் நீ அவர்களிடம் சொல்லியிருந்தாய். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்படி இருந்தும் உன்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. இடிதானே, எல்லா வீட்டிலும் பிடுங்குகிறார்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் செத்த ஹெட்செட்டை நான் குப்பையில் போட, உன் அப்பா அதை எடுத்து வைத்துக்கொண்டார். குளிர்நாளில் விடியக்காலை கொழுந்து லாரியை எடுக்கும்போது அதைக் காதில் மாட்டிக்கொண்டு, முனை ஒடிந்த ஒயரைச் சுருட்டிச் சட்டைப் பையில் விட்டுக்கொள்வார். பாக்டரியில் கணக்கு எழுதுகிற கிராணி, "என்னண்ணே, பாட்டா?" என்று கேட்டால், "இல்ல, குளிரு" என்பார். இன்று வரைக்கும் அப்படித்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சரி, இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று வேலையில் இறங்கினேன். நீ சிரிக்காதே, காதை மூடுகிற சாமான் விஷயத்தில் எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம். மிஷின் சத்தத்துக்காகத் தோட்டத்தில் கொடுக்கிற காது மூடியை நாள் முழுவதும் போட்டுக்கொண்டுதான் நானும் செல்லம்மா அக்காவும் வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக நடக்கிறோம். தலையை எங்கே அழுத்தும், எத்தனை மணி நேரத்தில் காது மடல் வலிக்கும், மெத்தை எந்த மாதத்தில் உரிய ஆரம்பிக்கும் எல்லாம் எனக்கு அத்துப்படி. தெரியாதது ஒயர் சமாசாரம் மட்டும்தான். அதற்கு ஃபோனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். ஒருத்தன் ஒயர் வைத்ததுதான் கெட்டிக்காரனுக்கு என்றான். அடுத்தவன் ஒயர் என்பது பழைய காலம் என்றான். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒயரு இருந்தாத்தான் புள்ள நம்பிக்கை. காத்துல வர்றத எப்படி நம்புறது?" என்றார். "தினமும் உங்க ஃபோனுக்கு வர்ற வீடியோவெல்லாம் ஒயருலயா வருது?" என்று கேட்டேன். அவர் டீயை எடுத்துக் குடித்தார்.

போன சனிக்கிழமை நானும் உன் அப்பாவும் தானா ராத்தா டவுனுக்குப் போனோம். பஸ் ஸ்டேஷன் பக்கத்தில் ஃபோன் கடை வைத்திருக்கிற பாய்தான் நம் லயத்துக்கே டாக்டர், எந்த ஃபோன் செத்தாலும் அவரிடம்தான் போகும். இரண்டு ஹெட்செட்டை எடுத்து மேசையில் வைத்தார். "அக்கா, கேமுக்குன்னா கண்ண மூடிக்கிட்டு ஒயர் வச்சத எடுங்க லா. சார்ஜ் போட வேணாம், பாதியில சாகாது, கனமும் இல்ல, வெலையும் கம்மி. குத்துனா சத்தம், அவ்வளவுதான்." ஒயர் இல்லாததில் சத்தம் பிந்தி வருமாமே என்று கேட்டேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே! ப்ளூடூத்துல வந்தா பிந்தும். எதிராளி சுட்டுட்டு வீட்டுக்குப் போன பெறகு டப்புன்னு கேக்கும். ஆனா இதுல குட்டியா ஒரு செருகி குடுத்துருக்கான் பாருங்க, அத கம்ப்யூட்டர்ல குத்திட்டா ஒயரு மாதிரியேதான். மறக்காம சார்ஜ் மட்டும் போடணும்." அங்கேதான் எனக்கு இடித்தது. சார்ஜ் போட மறந்து, செத்த ஃபோனோடு ரிங்லெட்டில் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே ஏறி வந்த வீரன் நீ. ஆக, எல்லாக் கணக்கும் ஒயர் வைத்ததன் பக்கம்தான் சாய்ந்தது.

இருந்தாலும் போட்டுப் பார்க்காமல் வாங்குவேனா? இரண்டையும் மாறி மாறி மாட்டிக்கொண்டு, கொழுந்து வெட்டும்போது நிற்பது போலக் குனிந்தேன், நிமிர்ந்தேன், தலையை இடமும் வலமும் ஆட்டினேன், கடைப் படியில் ஏறி இறங்கினேன். "அக்கா, விழுந்துறாதீங்க!" என்று பாய் கவுண்டரை விட்டு வெளியே வந்துவிட்டார். ஸ்ட்ராபெரி டப்பாவோடு போய்க்கொண்டிருந்த டூரிஸ்டுகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உன் அப்பா யாரோ ஊர்பேர் தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் அட்டவணையைப் படித்தார். கடைசியாகப் பாய் என்னை அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஒயர் வைத்ததை மாட்டிவிட்டு, ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டினார். மழை பெய்கிற காடு. ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. திடீரென்று என் வலது தோளுக்குப் பின்னால் யாரோ சருகை மிதித்துக்கொண்டு நடந்து வருகிறான். நான் திரும்பிப் பார்த்தேன் தம்பி! நிஜமாகவே நாற்காலியோடு திரும்பினேன். பின்னால் சார்ஜர் தொங்குகிற சுவர்தான் இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தால் அவன் இன்னும் கிட்டே வருகிறான், ஒவ்வோர் எட்டாக, நின்று நின்று. எனக்கு மூச்சே விட முடியவில்லை. இதைத்தானே நீ அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்தாய்? ஐந்து பேருக்காக நீ ஒருத்தன் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சாப்பிட்டியா என்ற கேள்விக்கு 'ம்' என்று ஒரு பதிலாவது கொடுத்தாயே, அதுவே பெரிது.

அப்போது நிஜமாக இடி இடித்தது. சத்தம் காதுக்குள் வரவில்லை, நாற்காலி அதிர்ந்தது. அவ்வளவுதான். என் கை போய்விட்டது. பாயுடைய கம்ப்யூட்டர் பிளக்கு, பக்கத்தில் இருந்த இரண்டு சார்ஜர், என் தலையில் இருந்த ஹெட்செட்டின் ஒயர், எல்லாம் என் கைக்கு வந்துவிட்டன. "யா அல்லா! அக்கா, என்ன பண்றீங்க? இங்க இடிதாங்கி இருக்கு லா!" என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். கடையே சிரித்தது. நான் மட்டும் ஒயரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் தோளுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தவன் சட்டென்று இல்லாமல் போய்விட்டான். காதுக்குள் ஒன்றுமே இல்லை. காட்டின் மழை இல்லை, ஆள் இல்லை, எதுவும் இல்லை. அன்றைக்கு நான் உனக்குச் செய்தது இதுதான் என்று, ஏழு வருடம் கழித்து, என் காதே எனக்குச் சொன்னது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, பாய் வேறு பதறிப்போய், "ஒண்ணும் ஒடையல அக்கா, அழாதீங்க" என்று ஒரு கிளாஸ் நுரை ததும்ப ஆற்றிய தேத்தாரே டீ கொண்டுவரச் சொல்லிவிட்டார். அங்கேயே, அந்த மனுஷனிடமும் உன் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உனக்கும் எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்த இடி தூரத்தில் இருந்தது. பல வருடம் மலையில் நின்று கேட்டவளுக்கு எது கிட்ட, எது எட்ட என்று தெரியாதா? அது ரிங்லெட் அணைக்கட்டுப் பக்கம் என்று எனக்குத் தெரியும். டிவிக்காகப் பிடுங்கவில்லை. உன் சிரிப்பு எனக்கு இல்லாமல் வேறு யாருக்கோ போகிறதே என்ற ஆத்திரத்தில் பிடுங்கினேன். இடி எனக்கு ஒரு சாக்கு. அது தப்பு தம்பி. உன் ஆட்டத்தைக் கெடுத்தேன், நீ குனிந்து சம்பாதித்த பொருளை உடைத்தேன், பிறகு டிவி தப்பித்தது என்று வேறு பேசினேன். என்னை மன்னித்துவிடு. இதை நான் கடையில் சொல்லி முடித்ததும் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அன்னைக்கு நான் லாரிய எடுத்துக்கிட்டு ரிங்லெட்லேருந்துதான் ஏறி வந்தேன். மழ, இடி எல்லாம் அங்கதான். எனக்கு அப்பவே தெரியும் புள்ள." ஏழு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீயா சொல்லுவேன்னு பாத்தேன். அவனும் அப்படித்தான் பாத்துக்கிட்டு இருக்கான்" என்றார். உங்கள் இரண்டு பேரையும் என்ன செய்தால் தகும்? அப்பனும் மகனும் நல்லா வந்து வாய்த்தீர்கள்!

அதற்குப் பிறகு முடிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "பாய், ஒயர் இல்லாதத எடுங்க" என்றேன். "அக்கா, இவ்வளவு நேரம் ஒயர் வச்சதத்தானே பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றார். "ஒயர் இருந்தா என் கை சும்மா இருக்காது. நீங்கதான் பாத்தீங்களே" என்றேன். யோசித்துப் பார், நீ இப்போது லேப்டாப் வைத்திருக்கிறாய், அதற்குள் பேட்டரி இருக்கிறது. இன்டர்நெட் உன் ஃபோனிலிருந்து வருகிறது. காதில் இதுவும் ஒயர் இல்லாமல் இருந்துவிட்டால், திவ்யாவோடு நீ லயத்துக்கு வந்து உட்கார்ந்து விளையாடும்போது எத்தனை இடி இடித்தாலும் உன்னிடம் பிடுங்குவதற்கு எனக்கு ஒன்றுமே இல்லை. இனி உன் ஆட்டம் என் கைக்கு எட்டாது. ஆம், ராசா, பெட்டிக்குள் இருப்பது ஒயர் இல்லாததுதான். எடுத்துக்கொள். முன்னாடியே எடுத்துப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, திவ்யா எனக்குச் சொல்லிவிடுவாள். சார்ஜ் போட மறக்காதே என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அதனால் அந்தச் சார்ஜ் ஒயரைச் சாமி மேசைக்குப் பக்கத்தில் மாட்டி வை, விளக்கு ஏற்றுகிற நேரத்தில் அவளாவது பார்ப்பாள்.

இதோடு ஒரு புத்திமதியும் சொல்லிவிடுகிறேன், கல்யாணக் கடிதத்தில் அது இல்லாவிட்டால் நான் என்ன அம்மா? ஒயர் இல்லாததில் ஒரு வசதி உண்டு, அதுவே ஆபத்தும். காதில் மாட்டியபடியே அடுப்படிக்குப் போகலாம், பால்கனிக்குப் போகலாம், வீடு முழுவதும் சுற்றலாம். நானும் செல்லம்மா அக்காவும் அப்படிச் சுற்றியவர்கள்தான், காது மூடியைக் கழற்ற மறந்து வீட்டுக்குள் வந்து, சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு நிற்போம். ஒருநாள் உன் அப்பா, "லாரி லைசென்ஸ் எங்க வச்ச?" என்று கேட்க, நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்ட, அவர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். திவ்யா வந்து நின்றால் ஒரு பக்கக் காதையாவது விலக்கு. 'ம்' சொல்லாதே. ஆட்டம் சூடாக இருந்தால், "ரெண்டு நிமிசம், முடிச்சிட்டு வந்துர்றேன்" என்று முழு வாக்கியமாகச் சொல். அவள் காத்திருப்பாள். திவ்யா, நீயும் கேள்: அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பின்னால் யாரோ சருகை மிதித்துக்கொண்டு வருகிறான் என்று அர்த்தம். அந்த நேரம் சோற்றைப் பற்றிக் கேட்காதே.

இப்போது உனக்குத் தெரியாத சங்கதி. அன்று பாய் கடையிலிருந்து ஒரு பெட்டி அல்ல, இரண்டு பெட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீயும் திவ்யாவும் உன் பழைய ரிங்லெட் நண்பனும் சேர்ந்து விளையாடுகிறீர்களாமே? போன மாதம் திவ்யா ஃபோன் செய்தபோது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். "எப்பவும் ஒரு ஆளு குறையுது அத்த. முகந்தெரியாத யாரையாவது சேத்துக்கிட்டு அவஸ்தப்படுறோம். நீங்க வந்துருங்களேன்!" என்றாள். கிண்டலுக்குச் சொன்னாளோ என்னவோ, நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நீ விட்டுப்போன கம்ப்யூட்டரைப் பாய் திறந்து, உள்ளே ஒடிந்து நின்ற செருகு முனையை இடுக்கியால் எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தத் துண்டைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன், அது உன்னுடையது. எனக்காக வாங்கியது ஒயர் வைத்தது. நானும் சார்ஜ் போட மறக்கிற ஜாதிதான், நீ யாரைக் கொண்டு பிறந்தாய் என்று நினைத்தாய்? ஒரு வாரமாகப் பயிற்சி. முதல் நாள் ஆற்றில் விழுந்தேன். இரண்டாம் நாள் ஒரு சுவரைச் சுட்டேன். மூன்றாம் நாள் செல்லம்மா அக்கா பின்னால் நின்றுகொண்டு, "அந்தா போறான், அந்தா போறான், புடி லா!" என்று கத்தியதில் ஒருத்தனை நிஜமாகவே வீழ்த்திவிட்டேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர் இடி டூட்டிதான் என்று நினைத்து அவர் வீட்டு ஐஸ்பெட்டியைப் பிடுங்கிவிட்டார்.

கல்யாணம் முடிந்து நீங்கள் பெட்டாலிங் ஜெயா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கு நானும் வருவேன். என்னை உங்கள் அணியில் சேர்த்துக்கொள்வாயா என்று கேட்கத்தான் இத்தனை பக்கமும். முகம் தெரியாதவனோடு நீ சிரிக்கிறாயே என்று அன்றைக்கு எரிந்தவள், இன்றைக்கு அந்தச் சிரிப்புக்குள் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்கிறேன். முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். மிஷின் சத்தத்தில் எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். வலது பக்கம் எவன் நடந்தாலும் நான் சொல்லிவிடுவேன், இடது பக்கத்தை நீ பார்த்துக்கொள். இரண்டாவது, லயத்தில் இடி இடித்தால் நான் பிடுங்கித்தான் ஆக வேண்டும். இந்தத் தடவை என் ஒயரை நானே பிடுங்குவேன், கிட்டே இடித்தால் மட்டும். பாதி ஆட்டத்தில் என் குரல் நின்றுபோனால் பயப்படாதே, லயத்தில் மற்ற வீட்டு ஒயரையும் பிடுங்கிவிட்டு ஓடி வந்து மறுபடி செருகிக்கொள்வேன். அதுவரைக்கும் என்னை ஏதாவது ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திரு. என்னை விட்டுவிட்டு ஆட்டத்தை முடித்துவிடாதே.

உன் அணியின் புது ஆள்,
அம்மா